நல்ல நாளும் நல்ல நாடும்

"அந்த நாடு எங்கேடா இருக்கு?"

கேட்டவர் என் அன்னை. கேட்கப்பட்டவன் என் தம்பி. கேட்க வைத்தது, அவன் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் அனுப்பியிருந்த ஆணை. இரண்டாண்டுப் பணிக்காக அவன் உருகுவே நாட்டின் தலைநகரான மொண்டேவீடியோவுக்குச் செல்ல வேண்டும்; மார்கழித் திங்களில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்குச் சென்னையில் விமானம் ஏற வேண்டும்.

"தென்னமெரிக்காவிலே, அம்மா. கால்பந்தாட்டத்திலே பேர் போன நாடு" என்றான் தம்பி. பொறியியல் படித்தவன், கணினிக்குக் கட்டளையிடத் தெரிந்தவன், ஆயினும் தான் போகவிருக்கும் நாட்டைப்பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் அவனிடம் இல்லை.

அதற்குள் பெரியப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டார். தந்தையார் மறைந்தபின் எங்களுக்கு நிழல் தந்தவர் அவர். நான் கல்லூரியில் கலைப் பட்டம் பெறப் பணம் கட்டியவரும் அவரே. நன்றி மறந்தவள் அல்லள் நான். ஆனால் அந்த நல்லவரின் கையை ஒரு மெல்லிய ஏடு கட்டிப்போட்டிருந்ததை மறைத்துப் பேசவும் என்னால் இயலாது.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். போதாக் குறைக்கு மார்கழி. தை பிறக்கட்டும், பிறகு போகலாம். அப்படியே எழுதிப் போடு" என்றார்.

தம்பியின் தலை கவிழ்ந்தது. குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் இன்னொருவனுக்குப் போய்விடும். கல்விக்கடன் இன்னும் கழுத்தில் கிடக்கிறது. பெரியப்பாவின் சொல்லையும் தட்ட முடியாது. அம்மா அவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், இறுதியில் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் வாத்தியாரம்மா ஆச்சே, நீ சொல்லு. அது எங்கே இருக்கு? எப்படிப்பட்ட சனங்க? எப்படிப்பட்ட ஊரு?"

வியந்து போனேன். நாள் எப்படி என்று கேட்டார், பத்திரமும் பட்டாவும் படித்த பெரியப்பா. நாடு எப்படி என்று கேட்டார், எட்டாம் வகுப்போடு ஏட்டை மூடிய என் அம்மா! அயல்நாடு செல்பவன் கேட்டறிய வேண்டிய கேள்விகள் அந்த மூன்றும் அன்றோ?

மறுநாள் தலைமையாசிரியையிடம் இசைவு பெற்று, பள்ளியிலிருந்த உலக உருண்டையை ஒரு துணிப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவு உணவு முடிந்தது. கூடத்தில் நால்வரும் அமர்ந்தோம். பெரியப்பாவின் மடியில் பஞ்சாங்கம். என் மடியில் உலகம்.

அம்மாவின் சுட்டுவிரலைப் பிடித்துச் சென்னையின் மீது வைத்தேன். மெல்ல மேற்கே நகர்த்தினேன். அரபிக்கடலைக் கடந்தது, ஆப்பிரிக்கப் பெருநிலத்தைக் கடந்தது, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இறங்கி அட்லாண்டிக் மாகடலையும் கடந்தது, தென்னமெரிக்காவின் கீழைக்கரையில் வந்து நின்றது.

"இத்தனூண்டுதானா?"

ஆம், சிறியதுதான். தென்னமெரிக்காவின் தனிநாடுகளுள் சூரினாமுக்கு அடுத்தபடி மிகச் சிறியது. எனினும் பரப்பு ஏறத்தாழ 1,76,000 சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிது. வாழும் மக்களோ சுமார் 35 இலட்சமே. மேயும் மாடுகள் சுமார் 1 கோடியே 20 இலட்சம். "ஆளுக்கு மூணு மாடு!" என்று அம்மா உடனே கணக்குப் போட்டார். பால்மாடு ஒன்றை வைத்துக்கொண்டு எங்களை வளர்த்தவர் அவர். அந்தக் கணக்கு அவருக்குத் தவறாது.

வடக்கிலும் வடகிழக்கிலும் பிரேசில், மேற்கே உருகுவே ஆறு, அதற்கு அப்பால் அர்ச்சென்டினா, தென்கிழக்கே அட்லாண்டிக். அந்த ஆற்றுக்குக் கிழக்கே அமைந்திருப்பதால் 'உருகுவேயின் கிழக்குக் குடியரசு' என்பது நாட்டின் முழுப் பெயர். தெற்கே லா பிளாட்டா ஆற்றின் அகன்ற வாய். பிளாட்டா என்றால் வெள்ளி. நீரின் நிறமோ வண்டல் கலந்த பழுப்பு! கடலோடு கலக்குமிடத்தில் அதன் அகலம் 200 கிலோமீட்டருக்கும் மிகுதி. அக்கரை கண்ணுக்குத் தெரியாது, கடலென்றே தோன்றும்.

விண்ணை முட்டும் மலைகள் அங்கே இல்லை. மிக உயர்ந்த குன்றின் உயரம் 514 மீட்டர். நம் ஏற்காட்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மெத்தை விரித்தாற்போல் ஏறி இறங்கும் புல்வெளிகள். நடுவே நாட்டை இரு கூறாக்கி ஓடும் கருப்பாறு என்னும் பொருளுடைய ரியோ நெக்ரோ. அதன் குறுக்கே அணை. இலத்தீன் அமெரிக்க நாடுகளுள் வெப்ப மண்டலத்துக்கு முற்றிலும் வெளியே அமைந்தது இது ஒன்றே. நமக்கு மார்கழிப் பனி பெய்யும்போது அவர்களுக்குக் கோடை. நமக்கு ஆடிக் காற்று அடிக்கும்போது அவர்களுக்குக் குளிர்.

"ஞாயிறு அங்கும் கிழக்கேதான் உதிக்கிறது, அம்மா. ஆனால் உச்சிப் பொழுதில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வெயில் வேண்டுமென்றால் வடக்கு நோக்கிய வீடு கட்ட வேண்டும். இங்கே எழுதிய சாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கே வீடு கட்டினால் குளிரில் விறைக்க வேண்டியதுதான்" என்றேன்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"இன்னொன்று, பெரியப்பா. நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது அவர்கள் கடிகாரம். நமக்கு வெள்ளி விடியற்காலை ஆறு மணி என்றால், அவர்களுக்கு வியாழன் இரவு ஒன்பதரை. தம்பி விமானம் ஏறும் நொடியில் அங்கே வெள்ளிக்கிழமை பிறக்கவே இல்லை. எந்த ஊர் வெள்ளிக்குச் சூலம்?"

"வியாழக்கிழமை தெற்கே சூலம்!" என்றார் பெரியப்பா, நொடியும் தயங்காமல்.

தம்பி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். பெரியப்பாவின் மீசையும் சற்று அசைந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விரல் இன்னும் உருண்டையின் மேலேயே இருந்தது. "சனங்களைச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.

இன்று அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து, சிறப்பாக ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும், பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்கள். பேசும் மொழி ஸ்பானியம். அவர்களுக்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் சர்ருவா முதலான பழங்குடியினர். அடிமைகளாகச் சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள் ஆப்பிரிக்கர்கள். மொண்டேவீடியோத் துறைமுகம் அந்தக் கொடிய வாணிகத்தின் வாயிலாக இருந்தது. 1842இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு எட்டுப் பேர் தம்மை ஆப்பிரிக்க வழியினர் என்று பதிந்தனர்.

அந்நாட்டின் விடுதலைத் தந்தை எனப் போற்றப்படுபவர் ஹோசே அர்த்திகாஸ். 1815இல் அவர் ஒரு நிலச்சட்டம் வகுத்தார். விடுதலை பெற்ற கறுப்பருக்கும், பழங்குடியினருக்கும், ஏழை எளியோருக்கும் நிலம். யார் மிகவும் தாழ்ந்து கிடக்கிறாரோ அவருக்கே முதலுரிமை என்பது அதன் கருத்து. எண்ணிப் பாருங்கள், இருநூறு ஆண்டுகளுக்கு முன்! அந்தச் சட்டம் நிலைக்கவில்லை. அவரும் தோற்றார், முப்பதாண்டுகள் பராகுவேயில் அயலவராய் வாழ்ந்து, 1850இல் அங்கேயே மறைந்தார். அவருடைய நாடு 1825 ஆகஸ்டு 25இல் விடுதலையை அறிவித்தது, 1828இல் உடன்படிக்கை, 1830 ஜூலை 18இல் முதல் அரசியல் சட்டம்.

கல்வித் தந்தை ஹோசே பெத்ரோ வரேலா. இருபதாம் நூற்றாண்டின் சீர்திருத்தத் தலைவர் ஹோசே பாட்லே. அண்மையில் ஆண்ட எளிய தலைவர் ஹோசே முஹிக்கா.

"எல்லாருக்கும் ஒரே பேரா?"

"நம் ஊரில் முருகன் இல்லையா, அம்மா? அதுபோல."

பிறகு ஊரைச் சொன்னேன். 1724க்கும் 1726க்கும் இடையில் ஸ்பானியர் கோட்டை கட்டி எழுப்பிய துறைமுகம் மொண்டேவீடியோ. அமெரிக்கக் கண்டங்களின் தலைநகரங்களுள் மிகத் தெற்கே இருப்பது அதுவே. சுமார் 13 இலட்சம் பேர் வாழ்கின்றனர். நாட்டு மக்களில் மூவரில் ஒருவருக்குமேல் அந்த ஒரே நகரில்! பழைய நகரத்தின் கோட்டைவாயிலைக் கடந்தால் விடுதலைச் சதுக்கம். நடுவே குதிரைமீது அர்த்திகாஸ். சிலையின் அடியில் நிலவறை. அங்கே அவர் எலும்புகள். இராணுவ ஆட்சி 1977இல் அந்த நிலவறையைக் கட்டியபோது சுவரில் நாள்களையும் நிகழ்ச்சிகளையும் பொறித்ததே தவிர, அவர் சொன்ன சொற்களைப் பொறிக்கவில்லை. தலைவனின் எலும்பு வேண்டும், எண்ணம் வேண்டா! ஆளவந்தார்க்கு எந்த நாட்டிலும் இந்த நோய் உண்டு போலும்.

சதுக்கத்தின் ஓரத்தில் 1928இல் எழுந்த சால்வோ மாளிகை. அருகே 1856இல் திறந்த சொலீஸ் நாடக அரங்கம். அங்கிருந்து புறப்படும் நெடுஞ்சாலைக்குப் பெயர் ஜூலைப் பதினெட்டு. ஆம், அரசியல் சட்டம் பிறந்த நாளே ஒரு தெருவுக்குப் பெயர்! அத்தெருவில் நாட்டின் பழம்பெரும் பல்கலைக்கழகம். பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1930இல் முதல் உலகக் கோப்பைக்காகக் கட்டிய நூற்றாண்டு அரங்கமும் இந்நகரில்தான். அந்த ஆண்டு அர்ச்சென்டினாவை 4க்கு 2 என்று வென்று கோப்பையைக் கொண்டதும் இங்கேதான். நீர்க்கரையை ஒட்டி 22 கிலோமீட்டர் நீளும் கரைச்சாலை. மாலையில் ஊரே அங்கு உலவும்.

உலவுவோரின் அக்குளில் ஒரு வெந்நீர்க் குடுவை இருக்கும். கையில் ஒரு சுரைக்குடுக்கை. அதில் மாட்டே என்னும் இலைச்சாறு. உறிஞ்ச ஓர் உலோகக் குழல். ஒருவர் உறிஞ்சிவிட்டு அடுத்தவரிடம் தருவார். அவர் அதே குழலில் உறிஞ்சிவிட்டு இன்னொருவரிடம் தருவார். யார் வாய் பட்டது என்று எவரும் பார்ப்பதில்லை. இதைச் சொன்னபோது அம்மா எதையோ நினைத்துக்கொண்டவர்போல் வாசல் பக்கம் பார்த்தார். எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு காலத்தில் இருவகைக் குவளைகள் தொங்கியதை அவர் கண்டவர்.

"கோயில் உண்டா?" என்றார் பெரியப்பா. நான் எதிர்பார்த்திருந்த கேள்வி.

"பேராலயமே இருக்கிறது, பெரியப்பா, பழைய நகரத்தின் நடுவில். பிப்ரவரி 2இல் கடல் தாயான இயெமாஞ்சாவுக்குப் படையல் வைக்கக் கரையில் ஆயிரமாயிரம் பேர் கூடுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை. ஆனால் அரசாங்கத்துக்கு மதம் இல்லை."

அந்த வரலாற்றை விரித்துரைத்தேன். 1861இல் இடுகாடுகள் திருச்சபையின் பிடியிலிருந்து அரசின் பொறுப்புக்கு வந்தன. 1885இல் பதிவுத் திருமணம் கட்டாயமாயிற்று. 1906இல் அரசு மருத்துவமனைகளிலிருந்து சிலுவைகள் அகற்றப்பட்டன. அதனை எதிர்த்து எழுதியவர் மதவெறியர் அல்லர். அந்நாட்டின் தலைசிறந்த எழுத்தாளர் ஹோசே என்ரிக்கே ரோதோ. இது விடுதலை உணர்வா, வெறும் முரட்டுத்தனமா என்று அவர் கேட்டார், நாடே வாதிட்டது. 1909இல் அரசுப் பள்ளிகளில் மத போதனை நின்றது. 1919இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டம் திருச்சபையையும் அரசையும் பிரித்தது. அதே ஆண்டு விடுமுறைகளின் பெயர்களும் மாறின. டிசம்பர் 25 அரசு நாட்காட்டியில் குடும்ப நாள். ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம் சுற்றுலா வாரம்!

1987இல் போப்பாண்டவர் வந்தபோது நட்ட பெரிய சிலுவை ஒன்று தலைநகரில் இன்றும் நிற்கிறது. நிற்கலாமா கூடாதா என்று பாராளுமன்றம் வாதிட்டது. கடவுள் உண்டென்றோ இல்லையென்றோ உறுதி கூறாத அன்றைய குடியரசுத் தலைவர் சங்கினெத்தி, நிற்கட்டும் என்றார். கல்லெறியவில்லை, கடையடைக்கவில்லை, தலை உருளவில்லை. சொல்லால் மோதினர், வாக்கால் முடித்தனர். பகுத்தறிவு என்பது பிறர் நம்பிக்கையைப் பிடுங்குவதன்று; பொதுவிடத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்காதிருப்பது.

பெண்களைப்பற்றிச் சொன்னபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1907இல் மணவிலக்குச் சட்டம். 1913இல் அதற்கும் மேலே ஒரு படி: காரணம் காட்ட வேண்டாம், பெண் தன் விருப்பத்தைச் சொன்னாலே போதும். 1915இல் எட்டு மணி நேர வேலை. 1927 ஜூலை 3 அன்று செர்ரோ சாத்தோ என்னும் சிற்றூரில் நடந்த பொது வாக்கெடுப்பில் பெண்கள் வாக்களித்தனர். தென்னமெரிக்காவில் அதுவே முதன்முறை. 1932இல் நாடு முழுவதும் அந்த உரிமை சட்டமாயிற்று.

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "பொண்ணு பார்க்க வந்த தரகர் மாதிரி நல்லதா அடுக்கிக்கிட்டே போறியே! குறை ஒண்ணுமே இல்லையா அந்த ஊருக்கு?"

சாட்டையடி! வகுப்பில் நாற்பது பிள்ளைகளுள் ஒருவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. குறையைச் சொல்லாத ஆசிரியை பாதிப் பாடத்தை மறைத்தவளே. சொன்னேன்.

1831இல், நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ரிவேராவின் படை சர்ருவா மக்களை ஓர் ஓடைக்கரைக்கு அழைத்துச் சூழ்ந்து கொன்றது. அந்த இடத்தின் பெயர் சால்சிபுவேதெஸ். முடிந்தால் வெளியேறு என்பது பொருள். எஞ்சியோரில் நால்வரை 1833இல் பாரிசுக்குக் கொண்டுபோய் விலங்குகளைப்போல் காட்சிக்கு வைத்தனர். அவர்களுள் ஒருவரான வைமாக்கா பெருவின் எலும்புகள் தாய்மண் திரும்பியது 2002இல். தலைநகரின் பிராதோ பூங்காவில் அந்நால்வருக்கும் சிலை உண்டு. கொன்ற தலைவரின் பெயரில் ஒரு மாவட்டமும் உண்டு. காண்போர் இரண்டையும் சேர்த்துக் காண வேண்டும்.

ஆப்பிரிக்க வழியினரின் முழவிசையான கந்தோம்பே, 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் ஏறியது. ஆனால் அந்த முழவு முழங்கிய மெதியோமுந்தோ என்னும் குடியிருப்பிலிருந்து மக்களை 1978 டிசம்பர் 3இல் வெளியேற்றி, கட்டிடத்தை இடித்துத் தள்ளியது அன்றைய ஆட்சி. இன்று அந்த டிசம்பர் 3தான் கந்தோம்பேயின் தேசிய நாள்.

அந்த ஆட்சி இராணுவ ஆட்சி. 1973 முதல் 1985 வரை சிறையும் சித்திரவதையும் நாட்டைச் சூழ்ந்தன. காணாமற்போனோரின் படங்களை ஏந்தி ஆண்டுதோறும் மே 20இல் ஜூலைப் பதினெட்டுச் சாலையில் மக்கள் வாய் திறவாமல் நடக்கின்றனர். புந்தா கர்ரேத்தாஸ் என்னுமிடத்தில் அரசியல் கைதிகள் அடைபட்ட சிறைச்சாலை 1994இல் பெரிய கடைவளாகமாக மாறிவிட்டது. காலணி வாங்கப் போகிறவன் அந்தச் சுவரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் சிறையிருந்த முஹிக்கா 2010இல் குடியரசுத் தலைவரானார், மாளிகையை விட்டு ஒரு சிறு பண்ணை வீட்டில் வாழ்ந்தார், ஊதியத்தின் பெரும்பகுதியைப் பிறர்க்கு அளித்தார், 2025இல் மறைந்தார்.

"அந்தப் பட்டாளத்தை எப்படி ஓட்டினாங்க?"

"1980இல் இராணுவமே ஒரு வாக்கெடுப்பு வைத்தது, அம்மா. தன் ஆட்சியை நிலைநிறுத்த ஒரு புதுச் சட்டம் எழுதி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டது. துப்பாக்கி பின்னால் நிற்கிறது. செய்தித்தாளின் வாய் கட்டப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர் வேண்டாம் என்று போட்டார்கள்!"

"எப்படி அவ்வளவு தைரியம் வந்தது?"

விடை அறுதியிட்டுச் சொல்ல நான் யார்? ஆனால் என் மனம் ஒன்றை நம்புகிறது. அந்தத் துணிவின் விதை ஒரு பள்ளிக்கூடத்தில் விழுந்தது. அதைத்தான் கடைசிக்கென்று வைத்திருந்தேன்.

வரேலா 1845இல் பிறந்தவர். 1877இல், தம் 32ஆம் அகவையில், பொதுக்கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி, கட்டணமில்லாக் கல்வி. அப்போது ஆண்டவன் லத்தோர்ரே என்னும் இராணுவ அதிகாரி. கொடுங்கோலனிடம் பதவி ஏற்கலாமா என்று நண்பர்களே வரேலாவைத் தூற்றினர். தூற்றலைச் சுமந்தார், சட்டத்தைப் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 34ஆம் அகவையில் மாண்டார். அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அவர் திறந்த பள்ளியின் கதவு மூடவில்லை.

அந்தப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அனைவரும் ஒரு வெள்ளை மேலங்கி அணிகின்றனர். கழுத்தில் அகன்ற நீலப் பட்டுமுடிச்சு. உள்ளே கிழிந்த சட்டையா, புதுச் சட்டையா, வெளியே தெரியாது. மருத்துவர் மகனும் மாடு மேய்ப்பவர் மகளும் ஒரே வரிசையில், ஒரே வெள்ளையில். 2007இல் அப்பிள்ளைகளுக்குக் கணினி வழங்கும் திட்டம் கார்தால் என்னும் சிற்றூரில் தொடங்கியது; 2009க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதையும் எட்டியது. இத்தனைக்குப் பின்னும் அந்நாட்டில் முதியோரைவிடப் பிள்ளைகளிடையே வறுமை பன்மடங்கு மிகுதி. வெள்ளை அங்கி ஏழ்மையை மறைக்கிறதே தவிர, ஒழிக்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

பேசி நிறுத்தினேன். கூடத்தில் சுவர்க்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அம்மா உருண்டையிலிருந்து விரலை எடுத்தார்.

"எட்டாம் வகுப்பிலே நான் பெரியவளானேன்" என்றார், யாரையும் பாராமல். "அய்யரைக் கூப்பிட்டு, நல்ல நாள் பார்த்துத்தான் மஞ்சத் தண்ணி ஊத்தினாங்க. அந்த நல்ல நாளுக்கு அப்புறம் பள்ளிக்கூடம் கிடையாதுன்னுட்டாங்க. கணக்கிலே நான்தான் வகுப்புக்கு முதல். டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டாங்க. அனுப்பலை."

இருபத்தாறு ஆண்டுகள் அவர் மகளாக இருந்திருக்கிறேன். இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "மாமா, என் படிப்பை நிறுத்தினதும் நல்ல நாள்தான். பையன் வெள்ளிக்கிழமையே போகட்டும்."

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் பஞ்சாங்கத்தை மூடாமலும் படிக்காமலும் இருந்தார். வெள்ளிக்கிழமைக்கு முந்தின மாலை, தம்பியின் பெட்டியைப் பேருந்து நிலையம் வரை தூக்கி வந்தவர் அவரே. "குளிருக்கு எதுவும் வேண்டாமா?" என்று கேட்டார். "அங்கே கோடை, பெரியப்பா" என்றான் தம்பி. "ஆமாம், மறந்துவிட்டேன். தலைகீழ் ஊர்" என்றார். அவ்வளவே. அவர் இன்னும் பஞ்சாங்கம் பார்க்கிறார், பார்க்கட்டும். எங்கள் வீட்டில் அது அறிவுரை கூறலாம், ஆணையிடக் கூடாது என்பது அன்று முடிவாயிற்று.

டிசம்பர் 25இல் தம்பி பேசினான். "இன்று அலுவலகம் விடுமுறை, அம்மா. நாட்காட்டியில் குடும்ப நாள் என்று போட்டிருக்கிறது" என்றான். நீர்க்கரையில் நடந்தபடி கைப்பேசியைத் திருப்பி அந்தப் பழுப்பு நீரைக் காட்டினான். உடன் பணிபுரிவோர் தந்த மாட்டே கசக்கிறதாம். ஆனாலும் குழல் தன்னிடம் வரும்போது மறுக்கவில்லையாம். 2023இல் மழை பொய்த்து, தலைநகரின் குடிநீர்க் குழாயில் உப்பு நீர் வந்ததை அங்குள்ளோர் இன்னும் பேசுகிறார்களாம். "நம்ம சனம் மாதிரிதான்" என்றார் அம்மா.

மார்ச்சுத் திங்களில் அங்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. காலையில் வேலைக்குப் போகும் வழியில் தம்பி தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம் வந்தது. முகம் எதுவும் தெரியவில்லை. சாலையைக் கடக்கும் ஒரு வெள்ளை வரிசை, இடையிடையே நீலம். அம்மா அதை நெடுநேரம் பார்த்தார். "இதிலே யாரு பணக்காரப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, தமக்குத் தாமே சிரித்துக்கொண்டார்.

நண்பர்களே! நம்முள் பலர் இன்று அயல்நாடு செல்கிறோம். போகுமுன் நாளைக் குறிக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதியையேனும் நாட்டை அறியச் செலவிடுவோம். மலை எத்தனை உயரம் என்பதோடு, அங்கே மனிதன் எத்தனை உயர்ந்தான் என்று கேட்போம். மாளிகையைக் காணுமுன் பள்ளிக்கூடத்தின் வாயிலில் நின்று, யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்ப்போம். பிறகு ஊர் திரும்பி, நம் பள்ளியின் வாயிலிலும் அதே கண்ணோடு நிற்போம்.

உலக உருண்டையை மறுநாளே பள்ளியில் திருப்பி வைத்துவிட்டேன். சென்ற கிழமை அம்மா கேட்டார்:

"அந்த உருண்டையை இன்னொரு நாளைக்குக் கொண்டு வாயேன். மத்த நாடெல்லாம் எங்கே இருக்குன்னு பார்க்கலாம்."